காலர் இறுக்குது

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறவர். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட நேரம் தவறிப் போனதில்லை. அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில் ஐந்து தடவை விழுந்தார். லாரி வருகிறதா என்று இடப்பக்கம் திரும்புவார், அடுத்த நொடி தரையில் கிடப்பார். ஒரு நிமிடத்தில் எழுந்து, "ஒண்ணுமில்லப்பா" என்று தொப்பியைத் தேடுவார். கூட இருப்பவர்கள் 'மயக்க மன்னன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடியது நான். "காலையில சாப்பிட்டாரா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஏதோ நான் பட்டினி போட்டு அனுப்புகிற மாதிரி! சர்க்கரை பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மலாம். நார்மலான மனுஷன் ஏன் விழுகிறார் என்று கேட்டால், "நீங்க டென்ஷனாகாதீங்கம்மா" என்று எனக்கு உபதேசம். பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாவது தடவை விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு புது டாக்டரம்மா இருந்தார்.

"விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அதுவரை யாருமே கேட்காத கேள்வி. "லாரி வருதான்னு இடப்பக்கம் திரும்பினேங்க" என்றார் இவர். சட்டைப் பட்டனைக் கழற்றச் சொல்லி, கழுத்தின் இடப்பக்கம் மெதுவாகத் தடவிப் பார்த்தார். காதுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி. கழுத்தைத் திருப்பும்போது அது உள்ளே இருக்கிற நரம்பை அழுத்துகிறது, நாடி விழுந்து மயக்கம் வருகிறது என்றார். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். தொண்டையில் தொடங்கிக் கழுத்துக்கு வந்திருந்தது.

"வீக்கம் எத்தனை மாசமா இருக்கு?"

"கவனிக்கலைங்க" என்றார் இவர்.

நான் கவனித்திருந்தேன். அவருடைய யூனிஃபார்ம் தைப்பது நான்தான். "காலர் இறுக்குது" என்றார், பட்டனை அரை அங்குலம் தள்ளித் தைத்தேன். நாலு மாதம் கழித்து இன்னொரு அரை அங்குலம். "உக்காந்தே வேலை பாத்தா கொழுக்கத்தான் செய்யும்" என்று கிண்டல் வேறு. அதே வாரம் பேண்ட் லூசாகிறது என்று இடுப்பைப் பிடித்துக் கொடுத்ததும் இந்தக் கைதான். இடுப்பு இளைக்கிற மனுஷனுக்குக் கழுத்து மட்டும் எப்படிப் பெருக்கும்? இருபது வருடமாக ஊருக்கே அளவெடுக்கிறேன், அது உறைக்கவில்லை.

"பத்து மாசம் டாக்டர்" என்றேன்.

இவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை டாக்டர்களைத் திட்டித் தீர்த்த நான், அவர் காலர் பட்டனைத் தொட்டுக் காட்டினேன். "ரெண்டு தடவ தள்ளித் தைச்சேனே."