காளாஞ்சி வாங்காத உபயகாரர்

அப்புத்துரைக்கு வயது ஐம்பத்துமூன்று. அவருக்கு மேலதிகாரியாக வந்து சேர்ந்த நிசாந்தினிக்கு இருபத்தெட்டு. இந்த இருபத்தைந்து வருச வித்தியாசந்தான் சார்ஜன்ட் அப்புத்துரையின் நெஞ்சில் கிடந்து எரிந்தது.

குற்றப் பிரிவில் இருவருக்கும் ஒரே ஜீப், ஒரே மேசை. அவர் உருத்திரபுரத்துக்காரர்; வாய் ஓயாது. அவள் மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பரீட்சை எழுதி நேரே உப பொலிஸ் பரிசோதகராக வந்தவள். வாயைத் திறப்பதே அருமை. ஆனால் சனம் அவளிடந்தான் கதைத்தது. அவர் அதட்டியும் திறக்காத படலைகள் அவள் போய் நின்றாலே திறந்தன. அவளுக்குப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வரும், அவருக்கு சில்வர் பேணியில். அதையும் அவர் கவனித்து வைத்திருந்தார்.

வீட்டிலும் நிம்மதியில்லை. மனைவி விமலேஸ்வரி காலையில் இரண்டு சோற்றுப் பார்சல் கட்டுவாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கணவாய்க்கறி விருப்பமாம். மறக்காமல் குடுங்கோ."

"எனக்கு என்ன விருப்பமெண்டு ஆரும் கேக்கிறேல்லை."

"கேக்கத் தேவையில்லையே. உங்களுக்கு விருப்பம் அவவின்ரை கதிரைதான்."

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெத்தலியாற்றில் மணல் அள்ளிய கிடங்கொன்றில் தில்லைநாதனின் உடல் கிடந்தது. கள்ள மணல் ஏற்றும் டிப்பர்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய், பொலிஸ் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். ஞாயிறு இரவே அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்றார் வைத்தியர். அவன் வேலை செய்தது சொந்தப் பெரியப்பா மகன் கதிர்காமநாதனிடம். நாலு டிப்பர், ஆற்றங்கரை முழுக்க அடியாட்கள், அதோடு அம்மன் கோயில் தர்மகர்த்தாப் பதவி. தம்பி போய்விட்டானே என்று அவர் மணலில் விழுந்து புரண்டு அழுதார். அவருடைய ஆட்கள் மூன்று பேர் தர்சன் என்ற டிப்பர் சாரதியைக் கைகாட்டினார்கள். புதன்கிழமை தர்சன் பொலிஸ் கூட்டுக்குள் போனான்.

கொன்றது அவன் இல்லை என்பது அப்புத்துரைக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவர் லீவில், வேட்டியோடு அந்தக் கோயிலில் நின்றார். அன்றைய திருவிழா கதிர்காமநாதனின் உபயம். செலவை ஏற்ற உபயகாரருக்கு ஐயர் வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்துக் காளாஞ்சி கொடுப்பார். அந்த மரியாதைக்காக வருசம் முழுக்கக் காத்திருக்கிற மனுசன், காய்ச்சல் என்று சொல்லி வெளிவீதியிலேயே நின்றுவிட்டார். கூடப் பிறந்த தம்பி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போக வெளிக்கிட, கையைப் பிடித்து நிறுத்தினார். மனைவியின் அண்ணனை அனுப்பிக் காளாஞ்சியை வாங்குவித்தார். சகோதரங்களுக்குள் ஏதோ கோபம் என்றுதான் அப்புத்துரை அன்று நினைத்தார்.

மறுநாள் உடலைக் கண்டதும் விளங்கிவிட்டது. பங்காளி செத்தால் துடக்கு. முப்பத்தொரு நாளும் கோயிலுக்குள் காலடி வைக்கக்கூடாது. கூடப் பிறந்தவனுக்கும் அதே துடக்கு. மனைவியின் அண்ணனுக்கு இல்லை. உடல் கிடைக்கமுதலே துடக்கு அனுட்டித்திருக்கிறார் மனுசன். ஆளைக் கொல்ல இருந்த துணிவு, அம்மாளின் வாசலை மிதிக்க இருக்கவில்லை.

நிசாந்தினியிடம் சொன்னால் கண்டுபிடிப்பு அவள் பெயரில் போய்விடும். வியாழக்கிழமை உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் வருகிறார். அவர் முன்னால் வைத்துச் சொல்லுவம் என்று அப்புத்துரை வாயைக் கட்டிக்கொண்டார்.

புதன் பின்னேரம் நிசாந்தினியே கேட்டாள். "சார்ஜன்ட், தர்சன் செஞ்சிருக்க மாட்டான்னு தோணுது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும், மிஸ்? நீங்கள்தானே படிச்சனீங்கள்."

பொலிஸ் நிலைய வாசலில் தர்சனின் மனைவி மேனுகா சோற்றுப் பெட்டியோடு நின்றாள். "ஐயா, அவர் ஒண்டும் செய்யேல்லை. நீங்களாவது சொல்லுங்கோவன்."

"பாப்பம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவள் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை அழுத்திய சட்டையோடு எழுந்து நின்று, அப்புத்துரை ஆதியோடந்தமாகக் கதையைச் சொன்னார். அறையே வாயைப் பிளந்தது. அவர் நிசாந்தினியின் முகத்தைத்தான் பார்த்தார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க நேர்ல பாத்தீங்களா, சார்ஜன்ட்?"

"என்ரை ரண்டு கண்ணாலையும் கண்டனான்!"

அத்தியட்சகர் பேனையை மூடினார். "அப்ப நீர் சாட்சி. சாட்சி விசாரிக்க ஏலாது. இண்டையிலயிருந்து இந்த வழக்கை மிஸ் தனியாப் பார்க்கட்டும்."

ஜீப் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அவர் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். "செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாலும் நீங்க சாட்சிதான், சார்ஜன்ட். அந்தப் பொம்பள மட்டும் ராத்திரி வாசல்ல கிடந்திருக்க மாட்டா."

கதிர்காமநாதனின் மனைவியின் அண்ணன் அன்றைக்கே வாய் திறந்தார். கூலிக்கு அடித்த இரண்டு பேரும் புளியங்குளத்தில், வாங்கிய காசோடு பிடிபட்டார்கள். டிப்பரில் பங்கு தராவிட்டால் ஆற்றில் நடப்பதையெல்லாம் வெளியே சொல்லுவன் என்று தில்லைநாதன் கதிர்காமநாதனை வெருட்டியதுதான் காரணம். தர்மகர்த்தா கூட்டுக்குள் போனார், தர்சன் வீட்டுக்குப் போனான். விமலேஸ்வரி அடுத்த நாளும் இரண்டு பார்சல்தான் கட்டினாள்.

வழக்கு அடுத்த மாதம் கிளிநொச்சியில் எடுபடுகிறது. விசாரணை அதிகாரி நிசாந்தினி. முதலாம் சாட்சி அப்புத்துரை.