மஞ்சள் தண்ணீர் தெளித்த கம்ப்யூட்டர்

யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எனக்குத்தான் ஃபோன் வரும். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் படிவம் நிரப்புகிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு அதன் வைத்தியமும் தெரியும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு, அதை மறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானிலிருந்து கூப்பிட்டவன் என் பள்ளிக்கூடத்து நண்பன், லோரி ஓட்டுகிறவன். "மச்சான், பொட்டி எந்திரிக்க மாட்டேங்குதுடா. செவ்வாக்கிழம இவளுக்கு இன்டர்வியூ. எல்லா பேப்பரும் அதுலதான் கெடக்கு. வந்துருடா" என்றான். குரல் சரியில்லை. ஞாயிறு காலை பிரிக்பீல்ட்ஸில் நாலு தோசையை அவசரமாக விழுங்கிவிட்டு ரயில் ஏறினேன்.

அவன் மனைவி காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறந்ததை யாரும் பதியவில்லை. நாற்பத்தெட்டு வயதாகியும் இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற சிவப்பு ஐசி, அந்த அடையாள அட்டைதான். பிள்ளைகள் இருவரும் இந்நாட்டுக் குடிமக்கள், அவள் மட்டும் இல்லை. நான்கு வருடம் முன்பு குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, இப்போதுதான் அழைப்பு வந்திருந்தது. அப்போது படிவம் மட்டும்தான் வாங்கிக்கொண்டார்கள், ஆதாரத்தை இன்டர்வியூவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் இங்கே பிறந்தவள் என்று சொல்ல இரண்டே தாள்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி கைரேகை வைத்த கடிதம் ஒன்று, தோட்டத்து மருந்தகப் பதிவேட்டின் ஒரு பக்கம் இன்னொன்று. மருத்துவச்சி இறந்துவிட்டார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. அசல் தாள்கள் கீழ்த்தள அலமாரியில் இருந்து, இரண்டு வருடம் முன்பு வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் கூழாகிப்போயின. அவற்றைப் படமெடுத்து வைத்திருந்த அவளுடைய பழைய ஃபோனும் அதோடு போனது. மாடியில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் நனையவில்லை. ஸ்கேன் செய்து வைத்த படங்கள் அதற்குள் பத்திரமாக இருந்தன.

அதிலிருந்து அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்குத் தனி மரியாதை. ஆயுத பூஜைக்கு லோரிக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் அதற்கும் உண்டு.

மாடிக்குப் போனதும் பார்த்தேன். பெட்டியின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். மேலே காற்றுப் போகும் ஓட்டைகளைச் சுற்றி மஞ்சள் கறை.

"இது என்னடா?"

"வெள்ளிக்கிழம பூஜ போட்டோம். லோரிக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சேன். அப்படியே மேல வந்து இதுக்கும் மாவெலையால ரெண்டு தட்டு தட்டினேன்."

"ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"சாமி பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. டப்புன்னு நின்னுருச்சு."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. அறிவு இருக்கிறதா என்று கத்தினேன். முப்பது வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் எதிர்த்துப் பேசாத முதல் நாள் அதுதான். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அப்போதே புரிந்தது.

பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினேன். தண்ணீர் காய்ந்து எல்லா இடத்திலும் மஞ்சள் பொட்டுகள். போகட்டும், ஹார்ட் டிஸ்க் பிழைத்தால் போதும், அதை என் லேப்டாப்பில் மாட்டிப் படித்துவிடலாம் என்று கையை விட்டேன். அந்த இடம் காலி.

"டிஸ்க் எங்கடா?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தான். ஹார்ட் டிஸ்க் மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த தட்டு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

"உள்ளயும் தண்ணி போயிருக்குமோன்னு லோரி டூல்ஸ வச்சு தொறந்தேன். வெள்ளி மாதிரி இருந்துச்சா, அதான் விபூதி போட்டு தொடைச்சேன். வெள்ளிக் குத்துவெளக்க அப்படித்தானே தொடைப்போம்?"

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டைச் சாய்த்துப் பார்த்தால் வட்டவட்டமாகக் கீறல், அவ்வளவு சிரத்தையாகத் துடைத்திருக்கிறான். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டார். "பாஸ், சாரி லா. இத யாரு தொட்டாலும் ஒண்ணும் வராது. வேற காப்பி இருக்கா?"

அறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி, ஃபோனின் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் கீழே ஓடினாள். சாமி மேசையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"போன வருஷம் நீங்கதான் காப்பி எடுத்து வைக்கச் சொன்னீங்கண்ணே. ஃபோன்ல சொல்லிக் குடுத்தீங்கல்ல?"

அப்பாடா என்று எழுந்தேன். அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. "டேய், வீட்டுல ஒருத்தருக்காவது மூளை இருக்குடா" என்று அவனைக் கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான். அந்த ஒரு நிமிடம் நாங்கள் மூன்று பேரும் நன்றாகத்தான் இருந்தோம்.

லேப்டாப்பில் செருகினேன். 'மருத்துவச்சி கடிதம்', 'தோட்டத்துப் பதிவு' என்று இரண்டு பெயர்களும் வந்தன. இரண்டு படங்களின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அது எதன் அடையாளம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் தட்டிப் பார்த்தேன். கோப்பு கிடைக்கவில்லை என்றது.

அந்த அம்புக்குறியை வைத்தவன் நான்தான். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாள் வந்து, கோப்புகளை டிஸ்க்கின் உள்ளே பத்திரமான இடத்துக்கு மாற்றிவிட்டு, அவள் தேட வேண்டாமே என்று திரை முகப்பில் குறுக்குவழி மட்டும் வைத்துவிட்டுப் போனேன். தொட்டால் திறக்கும். ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை, கோப்பு எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான். போன வருடம் அவள் ஃபோன் செய்தபோது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன், ஒரே கூட்டம், எரிச்சல். "முன்னால தெரியுதுல்லம்மா, அந்த ரெண்டையும் அப்படியே பென்டிரைவுக்கு இழுத்துப் போடு, முடிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் அப்படியே செய்திருக்கிறாள்.

"என்னண்ணே, தொறக்கலியா?"

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. பேரு மட்டும்தான் வந்திருக்கு."

"ஐயோ, நான் தப்பா இழுத்துட்டேனா?"

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பென்டிரைவைப் பிடுங்கித் திரும்பவும் செருகினேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் புருஷனை அறிவு இருக்கிறதா என்று கேட்டிருந்தேன்.

அவள் திரையில் அந்தப் பெயர்கள் மேல் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள், "பேரு தெரியுதுல்லண்ணே? அதையாவது பிரிண்ட் எடுத்துக் குடுக்க முடியுமா? இருந்துச்சுன்னாவது காட்டலாம்ல?"

பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் அலுவலகத்தில் அந்தத் திரையை அச்செடுத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பெயர்கள், இரண்டு அம்புகள். மாலையில் கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள்.

"முடிஞ்சிருச்சுண்ணே. அந்த ஆபிசரம்மா நல்ல மாதிரிதான். தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கடிதம் எங்கன்னாங்க, இல்லன்னேன். அப்ப இங்கதான் பொறந்தீங்கன்னு எப்படி எழுதுறதுன்னு கேட்டாங்க. ஆதாரம் கெடச்சா முதல்லேருந்து எழுதிப் போடச் சொல்லிட்டாங்க."

எங்கிருந்து கிடைக்கும்? அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இவர ஒண்ணும் திட்டாதீங்கண்ணே, ரெண்டு நாளா சாப்பிடல. நான் ஒழுங்கா இழுத்துப் போட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது. உங்களையும் அலைய விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லம்மா" என்று சொன்னேன்.