ஸ்பானிஷ் தேர்வும் பெயரில்லாத ஜெபச் சீட்டும்

போன ஜூன் மாதம், குறுவை நடவு நடந்துகொண்டிருந்த வாரத்தில், என் மகள் ரூபி ஸ்பானிஷ் தேர்வில் தோற்றாள். நான் குத்தாலத்தில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தென் அமெரிக்க நாடு ஒன்றில் அவளுக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பாடம் முழுவதும் ஸ்பானிஷில். "அங்க போய்க் கத்துக்கலாம் சார்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அனுமதிக் கடிதம் வேறு மாதிரி சொன்னது. வகுப்பு தொடங்குமுன் பி2 சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் இடம் ரத்து. பி2 என்றால் அந்த மொழிக்காரரோடு தடுமாறாமல் பேசும் அளவு. எழுத்துத் தேர்வில் ரூபி தேறினாள். பேச்சுத் தேர்வில், மனப்பாடம் செய்த பதிலின் நடுவே தேர்வாளர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அவளுக்கு வாய் அடைத்துவிட்டது. மறுதேர்வுக்கு ஆறு வாரம். அதுவே கடைசி வாய்ப்பு. அவள் சாப்பிடவில்லை. என் மனைவி அழுதாள். நான் வழக்கம்போல் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன். என்ன அனுப்பினேன் என்று நினைவில்லை.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசிப்பார். வெட்கமான விஷயம் என்றால் "ஒரு சகோதரர், ஒரு முக்கியமான காரியம்" என்று மட்டும் எழுதுவது வழக்கம். நானும் மூன்று வாரம் அப்படித்தான் எழுதினேன். மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவன் நான்.

மூன்றாம் ஞாயிறு போதகர் என்னை வாசலில் நிறுத்தினார். "கையெழுத்து உங்களோடதுதானே பிரதர்? யாரு, என்ன, எங்கன்னு இல்லாம பேப்பர்ல செய்தி போடுவீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வீட்டில் முழங்காலிட்டேன். ஆண்டவரே, என் கௌரவம் போனால் போகட்டும், அவளுக்கு ஒரு வழி காட்டும் என்றேன். அடுத்த சீட்டில் பெயர், மொழி, தோல்வி எல்லாம் எழுதினேன்.

போதகர் வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஸ்டெல்லா. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் ஐந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"நாலு வாரமா இங்கதானே உக்காந்திருக்கேன் அங்கிள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

அவளை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து அவளும் ரூபியும் வாய்க்கால் கரையில் நடந்தபடி ஸ்பானிஷில் பேசினார்கள். ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக நடிப்பாள். ரூபி ஒப்பிக்கத் தொடங்கினால் தமிழில் திட்டு விழும்.

"ஏய், நான் வலின்னு கத்துறேன், நீ பாட்டுக்குக் கட்டுரை வாசிக்கிறியே! பேஷன்ட் எந்திரிச்சு ஓடிடுவான்டி."

பல வாரங்களுக்குப் பிறகு ரூபி சிரித்ததை அங்கேதான் பார்த்தேன்.

மறுதேர்வில் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. தேவையான அளவுக்குச் சற்று மேல். முடிவு வந்தபோது ஸ்டெல்லாவின் குழந்தைக்கு நான்கு நாள். ரூபி இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

இதைத் தற்செயல் என்பவர்கள் இருப்பார்கள். நான் வாதாடப் போவதில்லை. என் வாயைத் திறந்தவர் கர்த்தர் என்று மட்டும் நன்றியோடு சாட்சி சொல்கிறேன். முன்பெல்லாம் பிறருடைய சீட்டுகளைப் போதகர் வாசிக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது கவனித்துக் கேட்கிறேன், என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருக்குமா என்று.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் சொல்லக் கூசும் காரியம் ஒன்று இருக்கலாம். ஆண்டவருக்கு அது ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியாது. ஆண்டவரை நம்பி, பெயரோடு சொல்லுங்கள்.