பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்

நாய் கடித்தால் ஊசி இருக்கிறது. இன்சூரன்ஸ் பேப்பர் கடித்தால் எதுவும் இல்லை. எட்டாவதோடு நின்றவள் நான், இதையும் தப்பாகச் சொல்லித் தொலைப்பேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் திட்டை வாங்குகிற உங்களுக்குப் புரிந்தால் போதும். முகப்பேரில் ஒரு பிராணி கிளினிக்கில் டோக்கன் போட்டு, என்ன தொந்தரவு என்று சீட்டில் எழுதுவது என் வேலை.

டைகர் வந்த நாள்

மேனாம்பேட்டிலிருந்து பாபு தன் நாயை ஆட்டோவில் தூக்கி வந்தார். பட்டறையில் வேலை செய்பவர். மகள் நச்சரித்ததால் டைகருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். முந்தின நாள் மாடிப்படியிலிருந்து பூனை மேல் பாய்ந்ததில் பின்னங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன்தான் என்றார் எங்கள் டாக்டரம்மா. பணத்தை நாம் கட்டிவிட்டு, பிறகு கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். பாபு மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது.

"எப்பவும் இப்படித்தான் பாயுமா?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவர் சொன்னதையும் சீட்டில் எழுதினேன், 'கால் நொண்டுகிறது' என்பதற்குப் பக்கத்திலேயே.

"அது பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான்க்கா!"

போனில் வந்த தம்பி

பிறவி ஊனத்துக்குப் பணம் கிடையாதாம். கம்பெனி கையை விரித்துவிட்டது. பில்லோடு போன அதே சீட்டில், முந்தின நாள் அடிபட்டது என்று டாக்டரம்மா தெளிவாக எழுதியிருந்தார். எக்ஸ்ரேயும் இருந்தது. அதையெல்லாம் படிக்க நேரமில்லாதவர்கள் என் கோழிக்கிறுக்கலை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்கள்!

கம்பெனிக்குப் போன் போட்டேன். "தம்பி, பிறந்ததிலிருந்து நொண்டல் இல்லப்பா, குதிக்கறது!" என்றேன்.

"குதிக்கறது எங்க லிஸ்ட்ல வியாதி இல்ல மேடம்."

காதில் குச்சி

மறுநாள் பாபுவின் மனைவி அமுதா வந்தாள். கம்மல் இருந்த இடத்தில் துடைப்பக்குச்சி. காத்திருந்த கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது. டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"இன்னாக்கா, கைய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? டைகரு நல்லா நடக்குது, என் காதுதான் நொண்டிகினு கீது!"

செருப்புத் திருடன்

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. விளக்கக் கடிதம் எழுதி அனுப்பினார். அதற்கும், அடிபடும் முன் நாய் நன்றாக நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். நடக்கும் நாயை யார் சாட்சி வைத்துக்கொண்டு வளர்க்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்!

நல்லவேளை, பாபுவின் மகள் போனில் ஒரு பழைய வீடியோ இருந்தது. டைகர் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது, பின்னாலேயே பாபு, "டேய்! பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான்டா நீ!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார். நான் எழுதிய அதே வார்த்தை!

அதை அனுப்பிய பிறகு பணம் வந்தது, கம்மலும் மீண்டது. அதே தம்பிதான் போன் செய்தான். ஒரு வருத்தம் தெரிவிப்பான் என்று காத்திருந்தேன்.

"நாய் நல்லாவே ஓடுது மேடம், கடைசியில அந்தச் செருப்பு கெடச்சிதா?"

இப்போதெல்லாம் எழுதியதை உரக்கப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. இந்தத் தொழிலில் வாய்க்கூடு முதலில் போட வேண்டியது நாய்க்கு இல்லை.