பிளேன் ஞானசிங்கின் சைலன்சர்

ஞானசிங் மஸ்கட் விமான நிலையத்தில் பத்தொன்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கினார். விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலால் நகர்ந்துபோய், சூட்கேசுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வலையை இழுத்து மாட்டிவிட்டு வியர்வையோடு வெளியே வருவார். அதுதான் வேலை. ஊரில் மட்டும் அவர் விமான இன்ஜினியர்.

அந்தப் பெயரை அவர் தேடிப் போகவில்லை. முதல் லீவில் வந்தபோது அஞ்சுகிராமத்தில் சர்ச் வாசலில் வைத்து ஒருவர், "என்னா வேலை?" என்று கேட்டார்.

"பிளேன்ல."

"பிளேன்ல என்னா செய்யணும்?"

"பொறப்படுததுக்கு முன்னால, உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்."

இரண்டு பதிலிலும் பொய் கிடையாது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அடுத்த லீவுக்கு வந்து இறங்கும்போதே அவர் பிளேன் ஞானசிங் ஆகியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு மைத்துனர் பொறுப்பேற்று அடித்த பத்திரிகையில் 'விமானப் பொறியாளர்' என்று வந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி நேசபாய், சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு பத்திரிகைக் கட்டின் முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். நானூறு பத்திரிகை. பிறகு பேனாவை மூடிவிட்டார்.

பெட்டி தூக்கியது போக ஞானசிங்குக்கு மஸ்கட்டில் இன்னொரு காரியமும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மணல்வெளியில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் பொம்மை விமானம் விடுவார்கள். பொம்மை என்றால் ஒன்றரை மீட்டர் இறக்கையும் நிஜ இன்ஜினும் உள்ளது. ரேடியோ பெட்டியைக் கையில் பிடித்துத் தரையிலிருந்தே ஓட்டுவது. தூரத்தில் போய் விழுந்ததை எடுத்து வந்து கொடுப்பவராக ஞானசிங் சேர்ந்தார். ஒருநாள் அதில் ஒருவர் பெட்டியை இவர் கையில் கொடுத்துப் பார்த்தார். விமானம் இவர் பேச்சைக் கேட்டது. ஆறு வருஷம் எல்லா வெள்ளிக்கிழமையும் ஞானசிங்தான் ஓட்டினார். கழற்றுவது, மாட்டுவது, எண்ணெய் போடுவது எல்லாம் அந்த வெள்ளைக்காரர். வேலை முடிந்து தன் நாட்டுக்குக் கிளம்பும்போது அவர் விமானத்தைப் பெட்டியோடு ஞானசிங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கழற்றி மாட்டும் அறிவைப் பெட்டியில் வைக்க வழியில்லை.

2006இல் ஞானசிங் ஊரோடு வந்து சேர்ந்தார். தண்ணீர் வற்றின மாதங்களில் குளத்துத் தரையில் விமானம் விடுவார். இன்ஜினுக்கு மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். குளத்தங்கரை முழுக்க ஆமணக்கெண்ணெய் வாடை அடித்தால், பிளேன் ஞானசிங் வந்திருக்கிறார் என்று வயலில் நிற்பவர்களுக்குத் தெரியும். உண்மையான விமானத்தில் வேலை பார்த்தவர் இதை வைத்துப் பொழுதுபோக்குகிறார் என்று மரியாதையாகப் பார்ப்பார்கள்.

2009 மார்ச்சில் ஊர்ச் சர்ச்சின் சபைக்கு நூற்றாண்டு விழா வந்தது. விழாக் கமிட்டிச் செயலாளர் ரசலையன் வீட்டுக்கு வந்தார். உரக்கடைக்காரர். எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி.

"அண்ணாச்சி, நம்ம கோயிலுக்கு மேல உங்க பிளேன் வரணும். மேல இருந்து பூ போடணும். இந்த வட்டாரத்தில எந்தச் சபையிலயும் நடக்காத காரியமாக்கும்."

ஞானசிங் சரி என்றார். வயிற்றுக்கடியில் மூடி திறக்கிற மாதிரி ஒரு அட்டைப் பெட்டி கட்டினார். ஒத்திகைக்கு ஏற்றினார். மூன்றாவது நிமிஷம் இன்ஜின் சத்தம் மாறியது, இருமியது, நின்றது. எப்படியோ சறுக்கி இறக்கினார். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். சைலன்சர் தொட்டால் ஆடியது.

அதைப் பிடித்திருந்த இரண்டு திருகாணியையும் முறுக்கினார். மறுபடி மூன்று நிமிஷம், மறுபடி ஆட்டம். ரப்பர் வாஷர் போட்டார், கருகி விழுந்தது. எம்-சீல் வைத்தார், பொரிந்து உதிர்ந்தது. செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினார், அதிர்வில் கம்பி அறுந்தது. வெள்ளைக்காரர் விட்டுப்போன ஆங்கிலக் கையேட்டை நேசபாயிடம் கொடுத்தார்.

"சைலன்சருக்கு மஃப்ளர்னு பேராம். அதை நல்லாப் பாதுகாக்கணும்னு போட்டிருக்கு" என்றார் நேசபாய். "எப்படின்னு போடல. நான் மஃப்ளர்னா கழுத்தில சுத்துததுன்னுல்லா நெனச்சேன்."

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சைலன்சர் வானத்திலேயே கழன்று விழுந்தது. அவ்வளவு சின்ன இன்ஜினுக்குள் அத்தனை சத்தம் இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. குளத்தங்கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து சைலன்சரைத் தேட ஞானசிங்குக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ரசலையனும் கூட வந்து தேடினார்.

"நெசப் பிளேனையே கழத்தி மாட்டின கை" என்றார் ரசலையன், வாழைச்சருகை விலக்கிக்கொண்டே. "இது உங்களுக்கு ஒரு காரியமா அண்ணாச்சி."

ஞானசிங் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். உள்ளூரில் எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோக முடியாது. இருபது வருஷத்துப் பெயர், இரண்டு திருகாணியில் கழன்றுவிடும். மறுநாள் காலையில் விமானத்தின் இறக்கையைக் கழற்றி, உடம்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அறிந்தவர் முகம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று சுசீந்திரத்தில் இறங்கினார். ரதவீதிக்குப் பின்னால் ஒரு கடை கண்ணில் பட்டது. 'இங்கு பம்ப்செட் மோட்டார் வைண்டிங் செய்யப்படும்'. உள்ளே அறுபது வயசுக்காரர் ஒருவர் செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, மூக்கு நுனியில் கண்ணாடி. நாராயணபெருமாள். பக்கத்துக் கடைக்காரர் அவரை மோட்டர் பெருமாள் என்று கூப்பிட்டது கேட்டது.

ஞானசிங் போர்வையை விலக்கினார். நாராயணபெருமாள் ஆச்சரியப்படவில்லை. ஒரு விரலால் சைலன்சரை ஆட்டிப் பார்த்தார்.

"எப்ப முறுக்கினீரு? சூட்டிலயா, ஆறின பொறவா?"

"ஆறின பொறவு. சூட்டில தொட முடியாதுல்லா."

"எண்ணெயைத் தொடச்சீரா?"

"எங்க?"

நாராயணபெருமாள் திருகாணிகளை உருவினார். திருகுப் புரி தேய்ந்திருந்தது. அவற்றைத் தூரப் போட்டுவிட்டு டப்பாவிலிருந்து உறுதியான இரண்டு எஃகு போல்ட்டை எடுத்தார். சைலன்சரும் இன்ஜினும் சேருகிற முகங்களில் எண்ணெய்ப் பிசின் கரியாக உறைந்திருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் வெள்ளி தெரியத் துடைத்தார்.

"இதுக்க மேல எதை வச்சு முறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். இடையில வாயு போச்சுன்னா டேங்குக்குப் போற அழுத்தம் கொறையும். எண்ணெய் ஏறாது. இஞ்சின் நிக்கும். உமக்கு அப்படித்தான நடந்துது?"

"அப்படியேதான்."

மெல்லிய அலுமினியத் தகட்டில் வாய் அளவுக்கு ஒரு வளையம் வெட்டி இடையில் வைத்தார். சுருள் வாஷர் போட்டார். பிறகு ஞானசிங் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். இரண்டு போல்ட்டின் தலையிலும் ஊசி மாதிரி துரப்பணத்தால் பக்கவாட்டில் துளை போட்டார். ஒரு தலைக்கு அரை மணி நேரம். இரண்டு ஊசி உடைந்தது. மாட்டி முறுக்கியபின் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், ஞானசிங்கை இன்ஜினை ஓட்டச் சொன்னார். ஐந்து நிமிஷம் ஓடி நின்றதும், கை சுடச்சுட இன்னொரு கால் சுற்று முறுக்கினார். எஃகுக் கம்பியை ஒரு தலையில் கோர்த்து, இரண்டு இழையையும் குறடால் ஒரே சீராக முறுக்கிக்கொண்டே போய், மற்றத் தலையில் கோர்த்து முடித்தார். சடை பின்னியதுபோல் இருந்தது.

"இப்ப பாரும். இது கழலப் பாத்தா கம்பி அதை இழுக்கும். அதை இழுத்தா இது இறுகும். ஒண்ணுக்கொண்ணு காவல்."

"கொள்ளாமே" என்றார் ஞானசிங். மனதாரப் பாராட்டினார். "இதுக்கு என்னா பேரு?"

குறடு நின்றது. நாராயணபெருமாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"லாக் வயர். நீரு எங்க வேலை பாத்தீரு?"

"ஏர்போர்ட்ல. மஸ்கட்டு."

"ஏர்போர்ட்ல என்னா வேலை?"

யாரும் இந்த இரண்டாவது கேள்வியை இப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்கள் பாதிப் பதிலோடு திருப்தியாகப் போயிருக்கிறார்கள். ஞானசிங் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பெட்டி தூக்குத வேலை."

"ம்" என்று நாராயணபெருமாள் கம்பியின் நுனியை வெட்டி உள்ளே மடக்கினார். "நான் ஏர்ஃபோர்ஸ்ல இருவது வருசம் இஞ்சின் ஃபிட்டர். இந்தக் கம்பி இல்லாம ஒரு போல்ட்டு மேல போவாது. பிளேனைத் தொட்டவனுக்கு மொதல்ல இதைத்தான் படிப்பிப்பாங்க. அதனாலயாக்கும் கேட்டேன்."

ஞானசிங் நிமிர்ந்தார். "பின்னே ஊர்ல உங்கள மோட்டர் பெருமாள்னுல்லா கூப்பிடுதாங்க."

"நான் யாரிட்டயும் சொல்லல வே. சொன்னா, பம்ப்செட்டு கொண்டுவாறவன் பயந்து வேற கடைக்குப் போவான். மிச்சப்பேரு மகனுக்கு ஏர்ஃபோர்ஸ் ஆளெடுப்புக்குச் சிபாரிசு கேட்டு வரிசையில நிப்பான். மோட்டர்னா மோட்டரோட தீந்துது." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "எப்ப விடுதீரு? இஞ்சின் சத்தம் கேட்டு நாளாச்சு. நானும் வாறேன்."

விழாவன்று நாராயணபெருமாள் வெள்ளை வேட்டியில் வந்து, எண்ணெய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு குளத்துத் தரையில் நின்றார். ஆராம்புளிக் கணவாயிலிருந்து காற்று நேரங்கெட்ட நேரத்தில் வீசிக்கொண்டிருந்தது. ஞானசிங் விமானத்தை ஏற்றினார். சைலன்சர் அசையவில்லை. இன்ஜின் ஒரே சுருதியில் பாடியது. சர்ச் கோபுரத்துக்கு மேல் மூன்று சுற்று, கூட்டம் முழுக்க அண்ணாந்து நின்றது. நாலாவது சுற்றில் மூடியைத் திறந்தார். ரோஜா இதழெல்லாம் காற்றில் ஒதுங்கி, கோயிலைத் தாண்டி, சபை விருந்தான அசனச் சாப்பாடு வெந்துகொண்டிருந்த பந்தலுக்குப் போய், ஆட்டுக்கறி அண்டாவில் இறங்கியது. சமையல்காரர் கரண்டியோடு திகைத்து நின்றார். அதுவும் திட்டமிட்டதுதான், முதலில் உணவை ஆசீர்வதிப்பது என்று ரசலையன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

மேடையில் ஞானசிங்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விமான உலகில் இந்த ஊரின் பெயரை நிலைநாட்டியவர் என்று ரசலையன் பேசினார். ஞானசிங் மைக்கை வாங்கினார். நாலு நாளாக அவருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. சுசீந்திரத்துக் கடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தபோது உயிர் போகவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"நான் இன்ஜினியர் இல்ல" என்றார். "பத்தொம்பது வருசம் பெட்டிதான் தூக்கினேன். பிளேனுக்க இஞ்சினை நான் தொட்டதே கெடையாது. இந்தச் சைலன்சரைக்கூட எனக்கு மாட்டத் தெரியல. மாட்டித் தந்தது அங்கின நிக்காரே, சுசீந்திரத்தில மோட்டர் கடை வச்சிருக்க பெருமாளண்ணன். நெசமான இஞ்சின் ஃபிட்டர் அவருதான்."

கூட்டத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. பொன்னாடைக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். போதகர் ஜெபசீலன் முடிவு ஜெபத்தில், உயரத்தில் இருந்தும் தன்னைத் தாழ்த்துகிற மனதை எங்கள் எல்லோருக்கும் தாரும் என்று ஞானசிங்கைப் பெயர் சொல்லி வேண்டினார். பந்தியில் ரசலையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எண்ணெய்க்குப்பி பிடிச்ச மோட்டர் மெக்கானிக்கை இன்ஜினியர்னு சொல்ல யாருக்கு மனசு வரும் அண்ணாச்சி. ஆனாலும் நீங்க அவ்வளவு எறங்கியிருக்க வேண்டாம்."

எதிர்வரிசையில் நாராயணபெருமாள் நிம்மதியாகச் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மரக்கறி தனியாக வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானசிங் மனைவியிடம், "நான் தெளிவாத்தான சொன்னேன்?" என்று கேட்டார்.

"தெளிவாத்தான் சொன்னிய" என்றார் நேசபாய். "நானே கடைசி பெஞ்சுல இருந்து கேட்டேனே. இனி சிலேட்டுல எழுதித்தான் காட்டணும்."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஞானசிங் சுசீந்திரம் போவதும், தண்ணீர் வற்றினால் நாராயணபெருமாள் அஞ்சுகிராமம் வருவதும் வழக்கமானது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்பார். பேச்சு குறைவு. ஊரில் ஞானசிங்கின் பெயர் முன்னைவிடக் கூடிவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம் பெட்டி தூக்கினேன் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் மரியாதையாகக் கும்பிட்டார்கள்.

2012இல் ரசலையனின் மகள் பெர்லின், விமானப் பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எந்தக் கல்லூரி, என்ன வேலை கிடைக்கும் என்று விசாரிக்க ரசலையன் ஞானசிங் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஞானசிங் சுசீந்திரத்துக் கடையின் விலாசத்தைத் தாளில் எழுதி, எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று படமும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் ரசலையன் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன எடத்துக்குப் போனேன். அங்க அந்த மோட்டர் கடைதான் இருக்கு. என்ன மோட்டரு கொண்டுவந்தீருன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போவட்டும். நீங்களே சொல்லுங்க."