மூன்றாவது வார்டுக்கு அடித்த சாயம்

என் அம்மா வார்டு மெம்பராக ஜெயித்த மறுநாள், அவளைத் தோற்கடிக்க வேலை செய்த கட்சிதான் தன் கொடி நிறத்தில் முதல் சால்வையைக் கொண்டுவந்து போட்டது. சில நாள் கழித்து அந்தச் சால்வையின் நிறத்தையே என் அலுவலகத்தில் அவள் வார்டுக்கும் அடித்தார்கள். அதுவும் என் பெயர் போட்டு வரவேண்டிய வரைபடத்தில். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறாள். அப்பா வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பட்டம் வாங்கி, கிண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டில் எந்தக் கட்சி ஜெயித்தது என்று நிறம் பிரித்து ஒரு செய்தித் தளத்துக்குக் கொடுக்க வேண்டும். அடியில் தயாரித்தவர் பெயர் வரும். அப்பா டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எங்கள் குடும்பத்துப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் வார்டுகளில் சிக்கலில்லை. கட்சிச் சின்னத்தில் நிற்பார்கள், கட்சி நிறத்தை அடிக்கலாம். கிராம ஊராட்சி வார்டில் கட்சிச் சின்னமே கிடையாது. சீப்பு, கட்டில், ஸ்பேனர் என்று எதையாவது கொடுப்பார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது தண்ணீர்க் குழாய். "தண்ணியே வராத தெருவுல கொயா சின்னமா? நல்லா தேடிப் புட்சிக் குட்த்தாங்க" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தாள்.

அப்பா என் வயதைவிட அதிக வருஷமாக ஒரு கட்சிக்குக் கொடி கட்டுகிறவர். அந்தக் கட்சி எங்கள் மூன்றாவது வார்டில் சீப்புச் சின்னத்தில் நின்ற ஒரு கான்ட்ராக்டர் மனைவிக்காக மறைமுகமாக வேலை செய்தது. அப்பாவும் செய்தார். காலையில் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை எடுத்துக்கொண்டு போய், மதியம் அதைத் தின்றுவிட்டு, சீப்புக்கு ஓட்டுக் கேட்டார்.

"வூடு வேற, கட்சி வேற" என்பார்.

"சரிய்யா. டப்பாவ மட்டும் சீப்பு வூட்ல வுட்டுட்டு வந்துடாத" என்பாள் அம்மா.

அவள் ஷிப்ட் முடிந்து, தன்னோடு கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்களையே கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். சொற்ப ஓட்டில் ஜெயித்தாள். மறுநாள் ஒன்றியச் செயலாளர் காரில் வந்து, யூனிஃபார்மோடு வேலைக்குக் கிளம்பி நின்றவளின் தோளில் சால்வையைப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அதில் அம்மா கண்ணை மூடியிருக்கிறாள். பக்கத்தில் அப்பா சிரிக்கிறார்.

அலுவலகத்தில் நான் ஊராட்சி வார்டுகள் எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் விட்டிருந்தேன். டீம் லீடருக்குப் பிடிக்கவில்லை.

"மேப் முழுக்க இப்படி சாம்பலா இருந்தா யாரும்மா பார்ப்பாங்க? ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு கட்சி இருக்கும்ல? போன் பண்ணிக் கேட்டுப் போடுங்க. ரெண்டு பேர் சொன்னா போதும்."

பட்டியலை எங்களுக்குள் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். பெண்கள் வார்டுகளில் என் காதில் விழுந்தது பெரும்பாலும் ஆண் குரல்தான்.

"மெம்பர் இருக்காங்களா?"

"மெம்பர்தான் பேசுறேன், சொல்லு."

"மெம்பர் ஒரு அம்மான்னு போட்டிருக்கே சார்."

"அது என் வூட்டுக்காரிதாம்மா. துணி தொவச்சிகினு கீது. இன்னா வோணும் உனக்கு?"

எந்தக் கட்சி என்று கேட்டால் மூச்சுவிடுவதற்குள் பதில் வரும். போனை அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்றால், "அதுக்கு இன்னாமா தெரியும்?" ஓட்டுக் கேட்டுத் தெருவெல்லாம் அலைந்தவளுக்குத் தான் எந்தப் பக்கம் என்று தெரியாதாம். துணி துவைக்க மட்டும் தெரியுமாம். சட்டம் பெண்ணுக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் புருஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் அவன் சொல்லும் நிறத்தை எடுத்து அவள் பெயருக்கு நேராக அடிக்கிறோம். படித்தவர்கள், கம்ப்யூட்டரில், நேர்த்தியாக.

அன்று மதியம் திரையைப் பார்த்தால் எங்கள் மூன்றாவது வார்டு சால்வை நிறத்தில் இருந்தது.

"இதை யார் மாத்தினது?" என்றேன்.

"நான்தான். சால்வை போட்ட போட்டோ இருக்கு. ஹஸ்பண்டும் கன்ஃபார்ம் பண்ணிட்டார்" என்றார் டீம் லீடர்.

"அது எங்க அம்மா வார்டு சார். அந்தக் கட்சி நிறுத்தின ஆளைத்தான் அவங்க தோக்கடிச்சாங்க."

"இப்ப அந்தக் கட்சியில சேர்ந்துட்டாங்கல்ல?"

"சால்வை போட்டா சேர்ந்ததா அர்த்தமா? உங்க கல்யாணத்துல எத்தனை பேர் சால்வை போட்டாங்க, எத்தனை கட்சியில சேர்ந்தீங்க?"

அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சொந்தக் கதைய இதுல கொண்டுவராதம்மா" என்றார்.

அம்மாவின் கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். நைட் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாதான் எடுத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன்.

"நைனா, நீ இன்னா சொன்ன?"

"நம்ம கட்சின்னு சொன்னேன். ஏன் பாப்பா, தப்பா?"

"நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?"

கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அது அப்ப. இப்ப ஜெயிச்சிட்டாள்ல."

ஷிப்ட் விடும் நேரம் எனக்குத் தெரியும். அம்மாவோடு பஸ்ஸில் வரும் ஒரு அக்கா கம்பெனி கேட்டில் போனைக் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்ப வாங்குகிறவள். அவள் நம்பருக்கு அடித்து, டீம் லீடர் மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தேன். பஸ்ஸில் பாட்டு அலறியது.

"அம்மா, நீ எந்தக் கட்சி?"

"இன்னாடி கேள்வி இது? நான் கொயா."

"கொயா கட்சி இல்லம்மா, சின்னம். கட்சி சொல்லு."

"கட்சி உங்க நைனாவுக்கு. எனக்கு எதுக்கு? யாருனா கேட்டா தனியா நின்னா, தனியா ஜெயிச்சான்னு சொல்லு." பின்னால் பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

டீம் லீடர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, இது ஒண்ண மட்டும் சாம்பலாக்கிடலாம்" என்றார்.

ஒன்றை மட்டும். எனக்குச் சலுகை செய்கிறாராம். புருஷன் பதில் சொன்ன வார்டு எல்லாவற்றையும் சாம்பலாக்குங்கள், அந்தப் பெண்களிடம் நேராகக் கேட்டபிறகு நிறம் போடலாம், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். நேரமில்லை என்றார். அப்படியென்றால் அடியில் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அது மட்டும் உடனே நடந்தது. வரைபடம் வெளியானபோது மூன்றாவது வார்டும் சால்வை நிறத்துக்கே திரும்பியிருந்தது.

அம்மா என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "அவன் இன்னா கலர் அட்ச்சா எனக்கின்னா? நாளைக்கி பஞ்சாயத்து மீட்டிங்ல பேசப்போறது நான். உன் பேர ஏண்டி எடுத்த? அதுக்காடி ராவும் பகலும் கூட்டிப் பெருக்கி உன்னைப் படிக்க வெச்சேன்?" எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடவா படித்தேன்?

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போனேன். டீக்கடை பெஞ்சில் அப்பா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, மூணாவது வார்டு. நம்ம கலரு. எம்பொண்ணு போட்டது."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் மேலும் கீழும் தள்ளினார்.

"எல்லாம் சர்தாண்ணே. உம்பொண்ணு பேரு எங்க கீது?"

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போனை என்னிடம் நீட்டினார்.

"இத நான் போடல, நைனா" என்றேன்.

"அப்ப யாரு போட்டது?"

"நீதான்."

அப்பா போனைத் திரும்ப வாங்கி, எங்கள் வார்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் திரை முழுவதும் அந்த ஒரே நிறம்தான் இருந்தது. நான் பாலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.