கழுத்தில்லாத சிலை

சளி பிடிக்குமே என்று பயந்தபடி கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். மழையில் நனைந்த இரும்பின் வாசனை வந்தது. எழுபதுகளில், சங்கு குளிக்கப் போன அப்பாவின் உடல் கிடைக்காதபோது, சிற்பியான சித்தப்பா உடைந்த நங்கூரங்களைப் பற்றவைத்து இங்கே ஒரு சிலை நிறுத்தினார். நடுவில் பெரிய ஓட்டை. கல்லறைத் திருநாளுக்கு வந்த மூன்று அத்தைமாரும் மாலையோடு கழுத்தைத் தேடினார்கள்.

"ஏலே, இதுல எங்கன போட?"

அம்மா அழுதாள். "முகமாவது வச்சிருக்கலாம்லா, தம்பி."

"கடலே தரலையே, மைனி. நான் எங்கன போய் எடுக்க?"

அம்மாவை ஓட்டைக்குள் கையை நீட்டச் சொன்னார். மறுபக்கம் என்னை நிறுத்தினார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். அம்மா நெடுநேரம் என் கையை விடவில்லை.

இன்று அவர்கள் ஒருவருமில்லை. நானும் கையை நீட்டினேன். காற்று ஐந்து விரல்களையும் தொட்டுவிட்டுப் போனது.